கோணலை நிமிர்த்தப் போய்: ஒரு சீன மரபுத்தொடரும் அதைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகளும்

சீன மொழியில் நான்கே எழுத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு: ஜியாவ் வாங் குவோ ஜெங். கோணலாக இருப்பதை நிமிர்த்தப் போய், நேர்நிலையையும் தாண்டி மறுபக்கம் கோணலாக்கிவிடுவது என்று பொருள். ஒரு தவறைத் திருத்தக் கிளம்பியவர் இன்னொரு தவறில் போய் நிற்பதைச் சொல்கிறது. சீனாவில் பத்திரிகைத் தலையங்கத்திலும் வீட்டுப் பேச்சிலும் இது இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது.

சீனப் பொன்மொழி என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் பலவற்றைப் போல, இதுவும் வேர் அறுந்துதான் நம்மிடம் வந்து சேர்கிறது. யார் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அது உதிர்ந்தால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் தொடரின் பாதிப் பொருள் அந்த வேரில்தான் இருக்கிறது. மீதிப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் எதைச் சொல்ல வந்த தொடரோ அதற்கு நேர் எதிரான வேலைக்கு அது பயன்பட ஆரம்பித்துவிடும்.

‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று படிப்பது

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். தொடரைக் கேட்டவுடனே நமக்கு ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ நினைவுக்கு வருகிறது. ‘ஓ, அதேதானே’ என்று முடித்துவிடுகிறோம். அது வேறு, இது வேறு. அமிர்தம் தொடக்கத்திலேயே நல்ல பொருள், அளவு கூடியதால் கெட்டது. ஜியாவ் வாங் குவோ ஜெங் தொடங்குவதே ஒரு கோணலில் இருந்து.

அளவு மீறுவதைப் பற்றிச் சீனத்தில் தனியாகவே ஒரு தொடர் இருக்கிறது: குவோ யோ பூ ஜி. இது கன்ஃபூசியஸ் வாயிலிருந்து வந்தது. அவருடைய உரையாடல்களைத் தொகுத்த நூலின் 11ஆம் பகுதியில் மாணவர் ஸிகோங் கேட்கிறார்: ‘ஸிஜாங், ஸிஷியா இருவரில் யார் மேல்?’ ஆசான் சொல்கிறார்: ‘ஸிஜாங் எல்லை தாண்டுகிறார், ஸிஷியா எல்லையை எட்டவில்லை.’ ‘அப்படியானால் ஸிஜாங்தானே மேல்?’ என்று மாணவர் விடாமல் கேட்க, ‘தாண்டுவதும் எட்டாமல் போவதும் ஒன்றுதான்’ என்று பதில் வருகிறது. இங்கே யாரும் எதையும் திருத்தவில்லை. இரண்டு மனிதர்களின் சுபாவம் எடைபோடப்படுகிறது, அவ்வளவுதான்.

நம்முடைய தொடருக்கு மூன்று விஷயங்கள் வேண்டும், அதுவும் வரிசையாக. முதலில், ஏதோ ஒன்று உண்மையிலேயே கோணலாக இருந்திருக்க வேண்டும். அடுத்து, அதைத் திருத்த ஒருவர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது சரி என்று நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான், திருத்தம் நேர்கோட்டைத் தாண்டிப் போனது என்ற புகார். ஒருவர் தினமும் அளவில்லாமல் இனிப்புச் சாப்பிடுகிறார் என்றால் இந்தத் தொடருக்கு அங்கே வேலை இல்லை. மருத்துவர் சர்க்கரை கூடிவிட்டது என்று சொன்னதும் சோறு, பழம், பால் என எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி மயங்கி விழுந்தார் என்றால், அப்போது பொருந்தும்.

அம்பு செய்கிறவரை மறந்துவிடுவது

முதல் எழுத்தான ‘ஜியாவ்’ என்பதில் ஒரு பக்கம் அம்பைக் குறிக்கும் குறி இருக்கிறது. ‘வாங்’ என்பதில் மரத்தைக் குறிக்கும் குறி. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் எழுதி முடித்த பழைய சீன அகராதி, ‘ஜியாவ்’ என்றால் அம்புத் தண்டை வளைத்து நிமிர்த்தும் இடுக்கி என்றே பொருள் சொல்கிறது. ஆக, இது பட்டறையில் பிறந்த பேச்சு. அதற்கும் முன்னால், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிந்தனையாளர் ஷூன்ஸி, கோணல் மரம் தானாக நேராவதில்லை, அதை ஆவியில் வாட்டிச் சட்டத்தில் பொருத்தி அழுத்தினால்தான் நேராகும் என்று எழுதினார். மனித இயல்பு கெட்டது, பயிற்சிதான் அதைச் சீராக்குகிறது என்ற தன் வாதத்துக்கு அவர் காட்டிய உதாரணம் அது.

மரத்தையோ மூங்கிலையோ வாட்டி நிமிர்த்திய யாருக்கும் ஒன்று தெரியும். சரியாக நேர்கோடு வரை வளைத்துக் கையை எடுத்தால், அது கொஞ்சம் பழைய பக்கமே திரும்பிவிடும். அதனால் நேர்கோட்டைத் தாண்டி ஒரு சிறிது அழுத்தி, பிறகு கையை விட வேண்டும். விட்டதும் அது தளர்ந்து வந்து நேரில் நிற்கும்.

இந்தக் கைப்பழக்கத்தை அப்படியே அரசியல் தத்துவமாக்கியவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் அறிஞர் தோங் ஜோங்ஷு. அவர் பெயரில் வழங்கும் நூல் ஒன்றில் ‘நிமிர்த்துகிறவர் நேரைத் தாண்டாவிட்டால் நேராக்க முடியாது’ என்று ஒரு வரி வருகிறது. அவர் பேசியது வரலாற்று நூல்கள் மனிதர்களைக் கண்டிக்கும் விதத்தைப் பற்றி. கி.மு. 607இல் ஜின் நாட்டு அரசர் கொல்லப்பட்டார். கொன்றவர் அமைச்சர் ஜாவ் துன்னின் உறவினர். அமைச்சர் கொலையில் கை வைக்கவில்லை, ஆனால் கொலையாளியைத் தண்டிக்கவும் இல்லை. வரலாற்றுக் குறிப்பு ‘ஜாவ் துன் தன் அரசரைக் கொன்றார்’ என்றே எழுதிவைத்தது. இன்னொரு இடத்தில், தந்தைக்குக் கொடுக்கும் மருந்தை முதலில் தான் சுவைத்துப் பார்க்காத மகனை, தந்தையைக் கொன்றவன் என்று அது பதிவு செய்கிறது. இவ்வளவு கடுமை எதற்கு என்றால், மக்கள் தங்கள் கடமை தவறுவதைத் தவறென்றே உணராமல் இருக்கிறார்கள், அழுத்திச் சொன்னால்தான் உறைக்கும் என்பது தோங் ஜோங்ஷுவின் விளக்கம்.

இந்த வரியைத் தெரிந்துகொள்ளாமல் மரபுத்தொடரை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள், சீனச் சிந்தனை எப்போதும் ‘மெதுவாக, அளவாக’ என்றே சொல்லிவந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. தாண்ட வேண்டும் என்ற கட்சியும் தாண்டக் கூடாது என்ற கட்சியும் ஒரே பட்டறை உவமையில் இருந்துதான் கிளம்பின. என் பார்வையில் இரண்டும் மோதவே தேவையில்லை. அழுத்தும்போது தாண்டலாம், கையை எடுத்த பிறகு அம்பு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. மரபுத்தொடர் குறை சொல்வது கடைசியில் நிற்கும் நிலையை. இடையில் கொடுத்த அழுத்தத்தை அல்ல.

யார் சொன்னது, எதற்குச் சொன்னது

இதைக் கன்ஃபூசியஸ் சொன்னார் என்று எழுதுவது தவறு. அகராதிகள் பலவும் ‘பிற்கால ஹான் வரலாறு’ என்ற நூலைச் சுட்டுகின்றன. நான்கு எழுத்தும் இன்றைய வடிவில் அங்கே இருக்கின்றன என்பது சரிதான். ஆனால் இந்தக் கருத்தை ஒரு முழு வரலாற்றின் மீது வைத்துக் காட்டிய இடம் அதற்கு முந்தையது: கி.பி. 1ஆம் நூற்றாண்டின் ‘ஹான் வரலாறு’. அதில் சிற்றரசர்களின் பட்டியலுக்கு எழுதப்பட்ட முன்னுரையில் ‘கோணலை நிமிர்த்தப் போய் அதன் நேரைத் தாண்டிவிட்டது என்றே சொல்லலாம்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. நூலாசிரியர் பான் கு. ஆனால் கி.பி. 92இல் அவர் சிறையில் இறந்தபோது அந்த நூலின் எட்டுப் பட்டியல்களும் முடியாமல் கிடந்தன. அரசர் ஆணையிட, அவற்றை முடித்துக் கொடுத்தவர் தங்கை பான் ஜாவ். அதனால் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அண்ணனோடு தங்கையின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

முன்னுரை என்ன கதை சொல்கிறது? கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பழைய ஜோவ் வம்சம் உறவினர்களுக்கும் வீரர்களுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, நூற்றுக்கணக்கான சிற்றரசுகளை உருவாக்கியது. சில தலைமுறைகளில் உறவு விட்டுப்போனது. ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். கி.மு. 221இல் எல்லோரையும் வென்று சீனாவை ஒன்றாக்கிய சின் வம்சத்தின் முதல் பேரரசரிடம், தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இளவரசர்களை மன்னராக்கலாம் என்று அமைச்சர் வாங் வான் யோசனை சொன்னார். இன்னொரு உயர் அதிகாரியான லி ஸி மறுத்தார். ஜோவ் வம்சம் அப்படிச் செய்துதானே கெட்டது என்பது அவர் வாதம். பேரரசரும் ஒப்புக்கொண்டார். நாடு 36 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நியமிக்கப்பட்ட அதிகாரிகளிடம் போனது. பேரரசரின் பிள்ளைகளுக்குக்கூட ஒரு அடி நிலம் இல்லை.

அதாவது சின் வம்சமே ஒரு திருத்தம்தான். அந்தத் திருத்தம் தாண்டிப் போனது. கி.மு. 210இல் முதல் பேரரசர் இறந்தார். மறு ஆண்டே கிளர்ச்சி வெடித்தது. தலைநகருக்கு வெளியே அரச குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒருவர்கூட இல்லை. உள்ளே தாங்கிப் பிடிக்க ரத்த உறவு இல்லை, வெளியே வேலியாக நிற்க ஒரு அடி நிலம் இல்லை என்று முன்னுரை இதை வருணிக்கிறது. மூன்றே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது.

கி.மு. 202இல் ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங் இதைக் கண்ணால் பார்த்தவர். அவரே அந்தக் கிளர்ச்சியில் எழுந்து வந்தவர். ஆகவே உறவினர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். ஒன்பது பெரிய அரசுகள். ஒரு மாகாணத்தையே கடந்து பரந்த எல்லைகள், பத்துப் பத்தாக நகரங்கள். அரண்மனையும் அதிகாரிகளின் அடுக்கும் தலைநகரில் இருப்பதைப் போலவே. பேரரசரின் நேரடி ஆட்சியில் இருந்தது தலைநகர்ப் பகுதியையும் சேர்த்து 15 மாவட்டங்கள்தான். இந்த இடத்தில்தான் அந்த வாக்கியம் வருகிறது.

அப்படிக் கொடுத்ததில் ஒருவர் லியு பி, பேரரசரின் அண்ணன் மகன். கி.மு. 195இல் இளைஞரான அவருக்கு மூன்று மாவட்டங்களும் 53 நகரங்களும் கொண்ட வூ அரசு கிடைத்தது. அவருடைய மண்ணில் செம்பு மலை இருந்தது, சொந்தமாக நாணயம் அடித்தார். கடல் இருந்தது, உப்புக் காய்ச்சினார். மக்களிடம் வரி வாங்கவே தேவைப்படவில்லை. பின்னாளில் அவருடைய மகன் தலைநகர் சாங்ஆனுக்கு வந்தபோது, பட்டத்து இளவரசரோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டே பலகையாட்டம் ஆடினார். காய் நகர்த்துவதில் தகராறு. வாக்குவாதம் முற்றி, பட்டத்து இளவரசர் பலகையை எடுத்து அடிக்க, வந்தவர் அங்கேயே இறந்தார். உடலை வூ அரசுக்கு அனுப்பினார்கள். லியு பி வாங்கவில்லை. ‘நாமெல்லாம் ஒரே குலம்தானே, சாங்ஆனில் செத்தவனைச் சாங்ஆனிலேயே புதையுங்கள்’ என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லி அரசவைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

பலகையை வீசிய இளவரசர் பிறகு பேரரசர் ஜிங் ஆனார். அவருடைய அமைச்சர் சாவ் சுவோ, சிற்றரசர்களின் நிலத்தைக் குறைக்கச் சொன்னார். ‘குறைத்தாலும் கலகம் செய்வார்கள், குறைக்காவிட்டாலும் செய்வார்கள். குறைத்தால் சீக்கிரம் வரும், சேதம் சிறிது. விட்டுவைத்தால் தாமதமாக வரும், சேதம் பெரிது.’ கி.மு. 154இல் ஏழு அரசுகள் எழுந்தன. லியு பிக்கு அப்போது வயது 62. தன் வயதில் தொடங்கி, தன் கடைசி மகனின் வயதான 14 வரை உள்ள ஆண்கள் அனைவரும் வரவேண்டும் என்று ஆணையிட்டு, இரண்டு லட்சத்துக்கு மேல் திரட்டினார். சாவ் சுவோவை ஒழிப்பதே நோக்கம் என்று அறிவித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, அரசவை உடையைக்கூட மாற்றவிடாமல் சாவ் சுவோவைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கலகம் நிற்கவில்லை. தளபதி ஜோவ் யாஃபுவின் படைதான் மூன்று மாதத்தில் அதை அடக்கியது.

முன்னுரையைப் பாதியில் மூடிவிடுவது

இங்கே நிறுத்திக்கொண்டால் பாடம் எளிது: அள்ளிக் கொடுத்தார், கெட்டது. முன்னுரையை இந்த அளவில் மேற்கோள் காட்டுபவர்களே அதிகம். எனக்கு அதில் மிகவும் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் பகுதி.

‘நேரைத் தாண்டிவிட்டது’ என்று எழுதிய கையோடு, முன்னுரை ‘ஆனாலும்’ என்று தொடங்குகிறது. லியு பாங்குக்கு நாட்டை அமைக்கவே நேரம் போதவில்லை. அடுத்த பேரரசர் குறைந்த காலமே ஆண்டார். பிறகு லியு பாங்கின் மனைவியான பேரரசி லூ அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் கி.மு. 180இல் இறந்ததும் அவருடைய பிறந்த வீட்டார் அரியணையைப் பிடிக்கப் பார்த்தார்கள். அப்போது வம்சம் தப்பியது அதே பெரிய சிற்றரசர்கள் இருந்ததால்தான் என்கிறது முன்னுரை. ஒரே ஏற்பாடுதான் கி.மு. 180இல் வீட்டைக் காத்தது, கி.மு. 154இல் அதே வீட்டுக்குத் தீ வைத்தது.

அதற்கப்புறமும் கதை நிற்கவில்லை. ஜிங்குக்கு அடுத்து வந்த பேரரசர் வூ கி.மு. 127இல் ஒரு ஆணை பிறப்பித்தார்: சிற்றரசர் இறந்தால் அவருடைய நிலம் மூத்த மகனுக்கு மட்டும் போகாமல் மற்ற மகன்களுக்கும் பங்காகப் போகும். யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அரசுகள் தாமாகவே துண்டாகின. கேட்க மென்மையான ஏற்பாடுதான். ஆனால் கி.மு. 112இல் சடங்குக்குச் செலுத்திய பொன் தரம் குறைந்தது என்ற காரணம் காட்டி 106 பிரபுக்களின் பட்டம் பறிக்கப்பட்டது. இப்படியே போய், வம்சத்தின் முதற்கட்டம் முடியும் காலத்தில் சிற்றரசர்களுக்கும் ஊர்ப் பணக்காரர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்ற நிலை வந்தது. நடுவும் காலி, ஓரமும் காலி என்பதை அரசவையில் இருந்தபடி கவனித்தவர் வாங் மாங். கி.பி. 9இல் அவர் அரியணையில் ஏறி உட்கார்ந்தார். லியு குலத்துச் சிற்றரசர்கள் நெற்றி தரையில் பட வணங்கி, எங்கே பின்தங்கிவிடுவோமோ என்று பயந்தபடி தங்கள் முத்திரைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள் என்று முன்னுரை எழுதுகிறது.

ஆக, இதை ஒரு தவறு, ஒரு மிகைத்திருத்தம் என்ற இரண்டே படியாகப் படிக்கக் கூடாது. ஜோவ் பிரித்துக் கொடுத்ததைச் சின் திருத்தியது. சின் விட்ட இடத்தை ஹான் திருத்தியது. ஹான் கொடுத்ததை ஹானே திருத்தியது. ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவர் செய்த தவறைத் தெளிவாகவே பார்த்தார்கள். அவ்வளவு தெளிவாகப் பார்த்ததுதான் சிக்கல். கண்முன்னே ஒரே ஒரு ஆபத்து நின்றதால், எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிற்காலத்திலும் இதே மாதிரி நடந்தது. வேய் வம்சம் தன் இளவரசர்களைக் கிட்டத்தட்ட வீட்டுக் காவலில் வைத்திருந்தது. அதன் அரியணையை ஸிமா குடும்பம் எளிதாக எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் ஸிமா யான் 266இல் பேரரசரானதும் உறவினர் 27 பேரைச் சிற்றரசர்களாக்கினார். அவர்களுக்குப் படையும் சேர்ந்தது. 291 முதல் 306 வரை எட்டு இளவரசர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டார்கள். 311இல் தலைநகர் லுவோயாங் வடக்கிலிருந்து வந்த படையிடம் விழுந்தது.

சோங் வம்சத்தின் கதை இன்னும் வலி தருவது, ஏனென்றால் அதன் திருத்தம் ரத்தம் சிந்தாமல் தொடங்கியது. தாங் வம்சம் எல்லைத் தளபதிகளிடம் படை, நிலம், வரி எல்லாவற்றையும் விட்டிருந்தது. 755இல் அவர்களில் ஒருவரான ஆன் லூஷான் நாட்டையே உலுக்கினார். 907 முதல் 960 வரை 53 ஆண்டுகளில் ஐந்து வம்சங்கள் வந்துபோயின, பெரும்பாலும் தளபதிகளின் கையால். சோங் வம்சத்தை நிறுவிய ஜாவ் குவாங்யின்னும் அப்படி வந்த தளபதிதான். 961இல் தன்னோடு போரிட்ட தளபதிகளை விருந்துக்கு அழைத்து, மதுக் கிண்ணத்தோடு மனம்விட்டுப் பேசி, நல்ல நிலமும் வீடும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்றார் என்பது புகழ்பெற்ற கதை. அவர்களும் மறுநாளே பதவி விலகினார்கள். அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் படைகளை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வீரருக்குத் தளபதி யாரென்று தெரியாது, தளபதிக்கு வீரர்களைத் தெரியாது. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படை தலைநகரைப் பிடித்து இரண்டு பேரரசர்களையும் கைதியாகக் கொண்டுபோனது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த சிந்தனையாளர் ஜூ ஷி இதைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: தளபதிகளால் வந்த கேட்டைக் கண்டு அவர்களிடமிருந்து படையையும் எடுத்தோம், பணத்தையும் எடுத்தோம், பரிசும் தண்டனையும் கொடுக்கும் உரிமையையும் எடுத்தோம், மாவட்டங்கள் நாளுக்கு நாள் மெலிந்தன, எதிரிக் குதிரைகள் போன இடமெல்லாம் சிதறி ஓடினோம்.

விலை கொடுப்பவரைப் பார்க்காமல் விடுவது

அரசர்களின் கதையாகவே இதைப் படிப்பதும் ஒரு தவறு. நான்கு எழுத்தும் இன்றைய வடிவில் வரும் இடத்துக்குப் போனால் அது புரியும். எழுதியவர் ஜோங்சாங் தோங், 180 முதல் 220 வரை வாழ்ந்தவர். வாங் மாங்குக்குப் பிறகு மீண்டும் எழுந்திருந்த ஹான் வம்சம், அவர் வாழ்நாள் முழுவதும் சிதைந்துகொண்டிருந்தது. அவர் இறந்த ஆண்டில்தான் அது முறைப்படி முடிந்தது. அவருடைய எழுத்தை 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தன் வரலாற்றில் எடுத்துச் சேர்த்தார்.

அவர் சொல்வது இது. குழப்பமான காலத்தில் அயோக்கியர்கள் மேலே இருக்கிறார்கள். நல்லவர்கள் வானம் உயரமாக இருந்தும் குனிந்து நடக்கிறார்கள், பூமி கெட்டியாக இருந்தும் அடிமேல் அடி வைத்து நடக்கிறார்கள். அப்புறம் நல்ல காலம் வருகிறது. வந்தால், மிகைத்திருத்தத்தின் கெடுபிடிகளில் அதே நல்லவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதியவர்கள் கெடுபிடி தளரும் காலத்தைப் பார்க்கும் முன் தளர்ந்துபோகிறார்கள். இளைஞர்கள் தலையெடுக்கும்போது அடுத்த குழப்பம் வந்துவிடுகிறது. முடிவில் அயோக்கியருக்கு எப்போதும் லாபம், நல்லவருக்கு எப்போதும் மன்னிப்பில்லாத குற்றச்சாட்டு.

ஹான் வரலாற்றின் முன்னுரை ஆட்சி எப்படிக் கவிழ்கிறது என்று பார்த்தது. ஜோங்சாங் தோங் மனித ஆயுளைப் பார்த்தார். ஊசல் இரண்டு பக்கமும் போய்த் திரும்பி நடுவுக்கு வரும், வரலாறு சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அது நடுவுக்கு வருவதற்குள் ஒரு தலைமுறை முடிந்துபோகிறது.

மாவோவின் வரியைப் பழமொழி என்று நினைப்பது

‘கோணலை நிமிர்த்த நேரைத் தாண்டியே ஆக வேண்டும், தாண்டாவிட்டால் கோணலை நிமிர்த்த முடியாது.’ இதையும் பழைய சீன ஞானம் என்று மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. இது மாவோ சேதுங் 1927 மார்ச்சில் வெளியிட்ட ஹுனான் விவசாயிகள் இயக்கம் பற்றிய அறிக்கையில் வருகிறது. அந்த ஆண்டு ஜனவரி 4 முதல் பிப்ரவரி 5 வரை ஐந்து மாவட்டங்களில் சுற்றி அவர் எழுதியது. மரபுத்தொடரை எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார், திருப்பியது தெரிந்தே. விவசாயிகள் எல்லை மீறுகிறார்கள், இது மிகைத்திருத்தம் என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது.

அந்த அறிக்கையை நியாயமாகப் படிக்க வேண்டும். அவர் விவரித்த கோணல் உண்மையானது. நிலப்பிரபுக்கள் கிராமங்களில் தாங்களே நீதிமன்றமும் காவலும் நடத்தினார்கள். அதை நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லவே இந்த மரபுத்தொடரைப் பயன்படுத்தியவர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் மேல் அவருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே பத்தியில், ஒவ்வொரு கிராமத்திலும் குறுகிய காலத்துக்கு ஒரு பயங்கரம் வேண்டும் என்றும் எழுதினார். நிலப்பிரபுக்களின் தலையில் நீண்ட காகிதத் தொப்பி மாட்டி ஊர்வலமாக இழுத்துப் போனதை ஒப்புதலோடு வருணித்தார். 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது அதே காகிதத் தொப்பிகள் பள்ளி ஆசிரியர்களின் தலையிலும் பேராசிரியர்களின் தலையிலும் ஏறின. அம்பு செய்கிறவர் தாண்டி அழுத்துவது, கையை எடுக்கப் போகிறோம் என்று தெரிந்துதான். எப்போது எடுப்பது என்று அந்த வரி எங்கேயும் சொல்லவில்லை.

மற்ற தொடர்களோடு குழப்பிக்கொள்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யின் யே ஃபெய் ஷி என்று ஒன்று உண்டு: தொண்டையில் சிக்கியதற்காகச் சாப்பாட்டையே நிறுத்துவது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் லூஷி சுன்சியு நூலில், ஒருவர் சோறு விக்கிச் செத்தார் என்பதற்காக உலகத்தில் எல்லோருக்கும் உணவைத் தடை செய்வது மடமை என்று வருகிறது. அங்கே திருத்தமே இல்லை, கைவிடுவதுதான். யா மியாவ் ஜூ ஜாங், பயிர் சீக்கிரம் வளரட்டும் என்று நாற்றைப் பிடித்து இழுத்தவரைப் பற்றிச் சிந்தனையாளர் மென்சியஸ் சொன்ன கதை, அது அவசரம். பாம்பு வரைந்தவர் அதற்குக் கால் வரைந்த ஹுவா ஷே தியென் ஸூ, தேவையில்லாத சேர்க்கை. இவை எதிலும் முதலில் ஒரு கோணல் இருந்து, அதை ஒருவர் நியாயமாகத் திருத்தப் போன கதை இல்லை.

கடைசியாக, பேச்சில் பயன்படுத்தும்போது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்: திருத்தமே வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் இந்தத் தொடரைக் கையில் எடுப்பது. ஒரு அநியாயத்தைப் பற்றிப் பேச்சு எழுந்த முதல் நாளே ‘பார்த்து, மிகைத்திருத்தமாகிவிடப் போகிறது’ என்று சொல்பவரைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர் முதல் பாதியை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஹான் வரலாறு லியு பாங்கைக் குறை சொன்னது, ஆனால் சின் முறைக்கே திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஜூ ஷி தன் வம்சத்தைக் குறை சொன்னார், ஆனால் தளபதிகளிடம் நாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கோணலைக் கோணல் என்று முதலில் உரக்கச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பேசியவர்கள் அவர்கள்.

சமீபத்தில் சீனாவிலேயே இந்தத் தொடர் பேசப்பட்ட ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலை 24 அன்று ‘இரட்டைக் குறைப்பு’ என்ற கொள்கை வெளியானது. பள்ளி வீட்டுப்பாடத்தையும் வெளியே நடக்கும் தனிப்பயிற்சியையும் குறைப்பது நோக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை 60 நிமிடத்துக்குள், நடுநிலைப் பள்ளிக்கு 90 நிமிடத்துக்குள். கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் நடத்தும் பயிற்சி மையங்கள் இனி லாப நோக்கில் இயங்கக் கூடாது. வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடம் எடுக்கக் கூடாது. ஒரு பெரிய தொழிலே சில மாதங்களில் சுருங்கியது, ஏராளமான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். வசதியுள்ள பெற்றோர் ஆசிரியர்களை ரகசியமாக வீட்டுக்கே அழைத்து, முன்பைவிட அதிகக் கட்டணம் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன.

‘இது ஜியாவ் வாங் குவோ ஜெங், பழையபடியே விடுங்கள்’ என்று சொன்னால் தொடர் தவறாகப் பயன்படுகிறது. ராத்திரி பத்து மணிக்கும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையை அது பார்க்கவில்லை. ‘பிள்ளைகளின் சுமையும் பெற்றோரின் செலவும் எல்லை மீறிப் போயிருந்தன, கை வைத்தது சரி, ஆனால் எல்லோருக்கும் கட்டுப்படியான வகுப்பையும் சேர்த்து மூடியதால், பணம் உள்ளவர் வீட்டுக்கு மட்டும் ஆசிரியர் போகிறார், அந்த இடத்தில் இது ஜியாவ் வாங் குவோ ஜெங்’ என்றால் தொடர் தன் இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். நேர்கோடு எங்கே என்று அவரிடம் உட்கார்ந்து விவாதிக்கலாம். முதல் வாக்கியத்தில் அப்படி விவாதிக்க எதுவும் இல்லை.